மூன்றரை மணிக் குயில்

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னையில் பலருடைய தூக்கத்தைக் கலைப்பது குயில்தான். அதுவும் அதிகாலை மூன்றரை மணிக்கு. தெருமுனை வேப்பமரத்தில், இலைகளுக்கு நடுவே மறைந்துகொண்டு கருத்த ஆண் குயில் ஒன்று தாழ்ந்த குரலில் தொடங்கும். ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறிக்கொண்டே போகும். உச்சத்தைத் தொட்டதும் சட்டென்று நின்றுவிடும். அடுத்த தெருவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். தெருநாய்கூட எழுந்திருக்காத நேரம். மரத்தை ஒட்டியே நிற்கும் கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு, இலையின் நரம்பு தெரிகிற அளவுக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருக்கும்.

கிராமத்துக் குயிலும் விடியுமுன் கூவக்கூடியதுதான். அது அதன் பிறவிக் குணம். ஆனால், நகரத்தில் எது இரவு, எது விடியல் என்பதே குழம்பிக் கிடக்கிறது. 2025இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, உலகின் பல பகுதிகளில் தானியங்கி ஒலிவாங்கிகள் பதிவு செய்த கோடிக்கணக்கான பறவைக் குரல்களை எடுத்து அலசியது. இரவு வெளிச்சம் மிகுந்த இடங்களில், பகலில் நடமாடும் பறவைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் கூடுதலாகக் குரல் கொடுக்கின்றன. காலையில் முந்திக்கொள்கின்றன, மாலையில் ஓய மறுக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் உடம்புக்கு 50 நிமிட ஓய்வு குறைவது சிறிய விஷயமில்லை.

பறவைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நகரவாசிகள் சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானம் உண்டு: “அதுங்க எப்படியும் பழகிக்கும்.” பழகிக்கொள்கின்றன என்பது உண்மை. எப்படிப் பழகின, அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தன என்று உட்கார்ந்து பார்த்தால், அந்தச் சமாதானம் நிற்காது. பறவையின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி நகரம் தன் பொறுப்பைத் தட்டிக்கழித்துக்கொண்டிருக்கிறது.

இரைச்சலை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹான்ஸ் ஸ்லாப்பெகோர்ன் என்ற ஆய்வாளர், நம்மூர்ப் பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவான ஒரு குருவியின் பாட்டைத் தெருத்தெருவாகப் பதிவு செய்தார். அவரும் அவருடைய சக ஆய்வாளரும் கண்டதை 2003இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. இரைச்சல் மிகுந்த இடங்களில் குடியிருக்கும் ஆண் குருவிகள் தாழ்ந்த சுருதிகளைக் கைவிட்டு, மேல் சுருதியில் பாடின. வண்டிகளின் உறுமல் கீழ் சுருதியில் கனத்துக் கிடக்கிறது. அங்கே பாடினால் பாட்டு மூழ்கிப்போகும். தெருவில் கீரை விற்கும் அம்மா குரலை ஏற்றி இழுத்துக் கூவுவதும் இதே கணக்கில்தான். பின்னர் லண்டன், பாரிஸ், பிராக் போன்ற பத்து ஐரோப்பிய நகரங்களில் பார்த்தபோது, காட்டுக் குருவியைவிட நகரக் குருவி சுருக்கமாகவும் வேகமாகவும் பாடுவது தெரிந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ராபின் பறவைகள் வேறு வழி கண்டுபிடித்தன. பகலில் சத்தம் அதிகமுள்ள இடங்களில் அவை இரவில் பாடத் தொடங்கின. தெருவிளக்கைப் பார்த்து ஏமாந்து பாடுகின்றன என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2007இல் வந்த ஆய்வு, விளக்கைவிடப் பகல் இரைச்சலே பெரிய காரணம் என்றது. பகலில் இரை தேட வேண்டும், இரவில் எல்லையைக் காக்கப் பாட வேண்டும் என்றால், அந்தப் பறவை எப்போதுதான் கண் மூடும்?

இந்த வரிசையில் நின்று படிக்க வேண்டிய கதை சான் பிரான்சிஸ்கோவினுடையது. தலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு சிட்டு அந்த ஊர்ப் புதர்களில் வாழ்கிறது. கோல்டன் கேட் பாலத்தின் தென்முனையில் இருக்கும் பிரெசிடியோ பகுதியில் அதைத் தாராளமாகப் பார்க்கலாம். லூயிஸ் பாப்டிஸ்டா என்ற பறவையியலாளர் 1969 வாக்கிலேயே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே அலைந்தார். நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் என்பதுபோல இந்தச் சிட்டுகளின் பாட்டிலும் வட்டார வழக்குகள் இருப்பதைப் பதிவு செய்தார். சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே பாட்டை முடிக்கும் விதம் மாறிவிடும். முப்பது ஆண்டுகள் கழித்து அதே இடங்களுக்குப் போய்க் கேட்டபோது, தாழ்ந்த சுருதியில் இருந்த பிரெசிடியோ வழக்கு தேய்ந்துபோயிருந்தது. மேல் சுருதி கொண்ட நகர வழக்கு அதன் இடத்தைப் பிடித்திருந்தது. போக்குவரத்து இரைச்சல் ஒரு வட்டார வழக்கையே அழித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதற்கு அந்தச் சிட்டு கொடுத்த விலை என்ன? இந்த இனத்தில் ஆண் பாடும் பாட்டு எவ்வளவு அகலமோ, அதாவது கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அவ்வளவு மதிப்பு. கீழ்ப் பகுதியை வெட்டிவிட்டு மேலேயே நின்று பாடினால் பாட்டு காதில் விழும்; ஆனால் குறுகிவிடும். அப்படிப்பட்ட பாட்டை ஒலிபரப்பிப் பார்த்தபோது, எதிராளி ஆண் சிட்டுகள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பாட்டு காதில் விழவும் வேண்டும், மதிக்கப்படவும் வேண்டும். நகரத்தில் இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது.

2020 வந்தது. ஊரடங்கில் கோல்டன் கேட் பாலம் வெறிச்சோடியது. அதன் மேல் ஓடிய வண்டிகள் 1954ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைந்துபோயின. ஆய்வாளர் எலிசபெத் டெரிபெரியும் அவருடைய குழுவினரும், தங்களிடம் ஏற்கெனவே இருந்த பதிவுகளோடு அந்த ஏப்ரல், மே மாதப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். சிட்டுகள் குரலைத் தாழ்த்தி மென்மையாகப் பாடின. அப்படியும் பாட்டு முன்பைவிட இரு மடங்கு தூரத்துக்குக் கேட்டது. கைவிட்டிருந்த கீழ் சுருதிகள் திரும்பி வந்திருந்தன. அரை நூற்றாண்டு இரைச்சல் செய்த வேலையைச் சில வார அமைதி கலைத்துக் காட்டியது.

அதே நாட்களில் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் வீடுகளுக்குள் அடைந்து கிடந்தவர்கள், “பறவைங்க சத்தம் அதிகமாயிடுச்சே” என்று ஆச்சரியப்பட்டார்கள். பறவைகள் அதே எண்ணிக்கையில், ஒருவேளை முன்பைவிட மெதுவாகவே, பாடியிருக்கக்கூடும். நடுவே நின்ற ஒலிச்சுவர்தான் இல்லாமல் போயிருந்தது. ஊரடங்கு முடிந்ததும் அந்தச் சுவரை மறுபடியும் எழுப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

உணவு விஷயத்தில் நகரப் பறவைகளின் மூளைக் கூர்மை திகைக்க வைக்கிறது. அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கும் வீடுகளில் இது தெரிந்த செய்தி: எந்த மாடியில், எந்த நேரத்துக்கு, யார் கையிலிருந்து உருண்டை வரும் என்பதைக் காகம் மனப்பாடமாக வைத்திருக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் இதைச் சோதித்தே காட்டினார். 2006இல் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடி அணிந்தவர் யாராக இருந்தாலும், பல்கலைக்கழக வளாகத்துக் காகங்கள் துரத்தித் துரத்திக் கரைந்தன. பிடிபடாத காகங்களும், அப்போது பிறந்தேயிராத காகங்களும் அந்தப் பகையைக் கற்றுக்கொண்டன. ஆண்டுகள் கடந்தும் அது ஆறவில்லை.

ஜப்பானின் செண்டாய் நகரத்துக் காகங்கள் ஓடு உடைக்க முடியாத வால்நட் கொட்டைகளைச் சாலையில் போட்டுவிட்டு, கார் ஏறி நசுக்கும்வரை காத்திருக்கும். சிட்னியில் வெள்ளைக் காக்கட்டூ கிளிகள் வீட்டு வாசல் குப்பைத்தொட்டியின் மூடியை அலகால் நெம்பி, விளிம்பில் நடந்தே அதைத் திறக்கின்றன. 2018க்கு முன்னால் மூன்று புறநகர்களில் மட்டும் இருந்த இந்த வித்தை, 2019 முடிவதற்குள் 44 இடங்களுக்குப் பரவியது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொண்டது. ஊருக்கு ஊர் திறக்கும் முறையில்கூடச் சின்னச் சின்ன வேறுபாடு. மக்கள் மூடி மேல் செங்கல் வைத்தார்கள். கிளிகள் செங்கல்லைத் தள்ளிவிடக் கற்றன.

டெல்லிக் கரும்பருந்தின் கதையில் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை. பழைய டெல்லியில் ஜாமா மசூதியைச் சுற்றி, தானமாக இறைச்சித் துண்டுகளை வானில் எறியும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. காசிப்பூர்க் குப்பைமேடு வேறு. இரண்டும் சேர்ந்து, உலகில் இரைகொல்லிப் பறவைகள் மிக நெருக்கமாக வாழும் நகரங்களில் ஒன்றாக டெல்லியை ஆக்கியிருக்கின்றன. ஆய்வாளர் நிஷாந்த் குமார் பல ஆண்டுகள் அங்கே பருந்துக் கூடுகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். மனிதர்களிடமிருந்து இறைச்சியும் குப்பையும் அதிகம் கிடைக்கும் பகுதிகளில் பருந்துகள் துணிச்சல் ஏறி, கூட்டின் பக்கம் வருபவர்கள் மேல் பாய்கின்றன. ஊட்டி வளர்க்கும் கையைக் கண்டு அச்சம் போய்விடுகிறது. பிறகு, மொட்டைமாடியில் துணி காயப்போட வருபவரின் தலையில் நகம் படும்போது, “பருந்துத் தொல்லை” என்று புகார் போகிறது. தொல்லையின் வேர் தெருவில் கொட்டிய குப்பையில் இருக்கிறது.

காகமும் குயிலும் கடல் தாண்டிய வரலாறு தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1890களில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்று தீர்க்கும் என்ற நம்பிக்கையில், இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்கள் மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுபோகப்பட்டன. தோட்டத் தொழிலாளர்களாகத் தமிழர்கள் அந்த மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். காகம் புழுவை நம்பி இருக்கவில்லை. ஊர்களில் சேர்ந்த குப்பையைத் தேடிப் போனது, பெருகியது. சிங்கப்பூரிலும் காகக் கூட்டம் பெருத்ததும், ஒரு காலத்தில் அங்கே குளிர்கால விருந்தாளியாக மட்டும் வந்துபோன குயில், தங்கிக் குடும்பம் நடத்தத் தொடங்கியது. முட்டையிடக் காகக் கூடு கிடைத்துவிட்டதே! இன்று சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகளும் விடியற்காலைக் குயில் தூங்க விடுவதில்லை என்று முறையிடுகிறார்கள். காகத்துக்குச் சோறு போட்டது நகரத்தின் குப்பைத்தொட்டி. குயிலுக்குக் கூடு தந்தது காகம். சென்னை வேப்பமரத்து மூன்றரை மணிக் குயிலுக்கும் இதே ஜாதகம்தான்.

காகக் கூடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறவர்களுக்கு நகரம் எதுவரை நுழைந்திருக்கிறது என்பது புரியும். கோடைக் காற்றில் மரத்திலிருந்து கழன்று விழும் கூட்டில், வெளிச்சுற்று முழுக்கக் கட்டுக்கம்பி இருக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் வெட்டிப் போட்ட துண்டுகள். அதில் பின்னியபடி கேபிள் டி.வி. வயர், துருப்பிடித்த ஹேங்கர் ஒன்று. உள்ளே போகப் போகத்தான் துடைப்பக் குச்சி, தேங்காய் நார், கொஞ்சம் மெத்தைப் பஞ்சு. குஞ்சின் மென்மையான வயிறு படும் இடத்துக்கும் முனை மழுங்காத கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு நார். மரத்தில் சுள்ளி கிடைக்காமல் இல்லை. கம்பி பக்கத்திலேயே கிடைக்கிறது, காற்றுக்கு அசையாமல் நிற்கிறது. காகம் அதற்குத் தெரிந்த நல்ல முடிவை எடுத்திருக்கிறது.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒரு மருத்துவமனை முற்றத்து மரத்தில் மேக்பை என்னும் பறவை கட்டியிருந்த கூடு 2023இல் உலகச் செய்தியானது. பறவைகள் உட்காரக் கூடாது என்று கட்டட விளிம்புகளில் ஒட்டுகிறார்களே இரும்பு முட்கள், அவற்றைப் பிடுங்கி எடுத்தே அது கூடு கட்டியிருந்தது. சுமார் 1,500 முட்கள். முனைகள் வெளிப்பக்கம் பார்த்தபடி, முட்டை திருட வரும் மற்றப் பறவைகளைத் தடுக்கும் கூரையாக அமைந்திருந்தன. பலரும் கைதட்டி ரசித்த செய்தி அது. மெக்சிகோ நகரிலிருந்து வந்த செய்தி கைதட்ட விடாது. அங்கே சிட்டுகள் சிகரெட் துண்டுகளைப் பிரித்து அந்தப் பஞ்சைக் கூட்டில் பரப்புகின்றன. அதிலிருக்கும் நிகோடினால் உண்ணிகள் குறைகின்றன என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். இயற்கையின் மருத்துவம் என்று மகிழ்வதற்குள் அடுத்த ஆய்வு வந்தது: சிகரெட் பஞ்சு அதிகமுள்ள கூடுகளில் குஞ்சுகளின் ரத்த அணுக்களில் மரபணுச் சிதைவும் அதிகம். உண்ணியிலிருந்து பிள்ளையைக் காக்கிற தாய், அதே கையால் நஞ்சையும் ஊட்டுகிறாள், தெரியாமல்.

சிட்டுக்குருவியைத் தொடாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முடியாது. ஆண்டுதோறும் மார்ச் 20 சிட்டுக்குருவி நாள் வரும்போது, செல்போன் கோபுரத்தின் மேல் பழி விழும். 2018இல் வந்த ‘2.0’ படம் அந்த எண்ணத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசேர்த்தது. அலைக்கற்றையின் மேல் சந்தேகம் எழுப்பிய ஒன்றிரண்டு ஐரோப்பிய ஆய்வுகள் உண்டு, நிரூபணம் இல்லை. பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970களின் இறுதியிலேயே சரியத் தொடங்கிவிட்டன. அப்போது யார் சட்டைப்பையில் செல்போன் இருந்தது? ‘இந்தியப் பறவைகளின் நிலை 2020’ அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் மெல்லக் குறைந்துவருவதையும் காட்டியது. ஆகவே கேள்வியைப் பெருநகரத்திடம்தான் கேட்க வேண்டும்.

ஓட்டுவீட்டில் ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. சாமி படத்தின் பின்பக்கம் ஒரு சரிவு இருந்தது. மின்மீட்டர் பெட்டிக்குக் கதவு சரியாக மூடாது. கிணற்றுச் சுவரில் பொந்து. முற்றத்தில் முறத்தால் புடைத்த நொய் சிந்திக் கிடக்கும். மளிகைக்கடை வாசலில் கம்பு மூட்டையும் அரிசி மூட்டையும் வாய் திறந்து நிற்கும். கான்கிரீட் தளமும் பொய்க்கூரையும் அலுமினியச் சட்டமிட்ட கண்ணாடி ஜன்னலும் வந்த பிறகு, இடுக்கு என்பதே கட்டுமானக் குறையாகிவிட்டது. தானியம் பிளாஸ்டிக் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. இவற்றைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை: தாய்க்குருவி தானியம் தின்னும், குஞ்சுக்கோ முதல் சில நாட்களுக்குப் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கேட் வின்சென்ட் செய்த ஆய்வில், பூச்சி கிடைக்காமலே குஞ்சுகள் கூட்டில் பட்டினியால் இறந்தது தெரியவந்தது. வேலியோரம் படர்ந்த செடியை வெட்டி, மண்மேல் சிமென்ட் கல் பதித்து, ஓரத்தில் பூச்சியே தொடாத அலங்காரச் செடி வைத்த குடியிருப்பு வளாகத்தில், ஒரு தட்டில் அரிசி வைப்பதால் மட்டும் குருவி வந்துவிடாது.

வடசென்னையில் ‘கூடுகள்’ அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே மரக்கூடுகள் செய்து வீடுகளில் மாட்டவைப்பது நம்பிக்கை தரும் வேலை. சிட்டுக்குருவிக்கு வேண்டியது அருவமான அன்பு இல்லை. உள்ளங்கை அளவு பெட்டி, ஒரு நுழைவாசல், பக்கத்தில் பூச்சி வாழும் செடி.

பழகிக்கொண்ட பறவைகளை மட்டுமே நகரம் கண்ணால் பார்க்கிறது. பழக முடியாமல் போனவை கண்ணில் படுவதில்லை. அதனால்தான் “பழகிக்கும்” என்ற சொல் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கையைப் புரட்டினால் மாடப்புறா, குயில், மயில் ஆகியவை பெருகுகின்றன. வெட்டவெளியில், மின்கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் பனங்காடை குறைந்துகொண்டிருக்கிறது. எதையும் தின்று, எங்கும் தங்கிக்கொள்ளும் சிலவற்றுக்கு நகரம் கதவு திறக்கிறது. ஒரு குறிப்பிட்ட புல்வெளி, ஒரு குறிப்பிட்ட பூச்சி, ஓர் இருண்ட இரவு என்று கேட்பவற்றுக்கு மூடுகிறது. புறாவும் காகமும் நிறைந்த ஒரு நகரத்தைப் பார்த்துப் பறவைகள் நலமாக இருக்கின்றன என்று முடிவு கட்டுவது தவறு.

ஆறுமணிக்குருவியைக் கேட்டால் தெரியும். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் குரல் கொடுப்பதால் வந்த பெயர். பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறுமாக, கையளவே இருக்கும். குளிர்காலத்துக்காக வடக்கேயிருந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகிறது. அக்டோபர் வாக்கில் சென்னையில் ஏதாவது ஒரு வீட்டு வராந்தாவிலோ வாகன நிறுத்தத்திலோ களைத்தோ கண்ணாடியில் மோதியோ விழுந்து கிடக்கும். எடுத்துப் பார்ப்பவர்கள் இப்படி ஒரு பறவை இந்த ஊரில் இருக்கிறதா என்று கேட்பார்கள். வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிக்குப் பழகிக்கொள்ள எந்தப் பறவைக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை.

சிகாகோவில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மண்டபம், ஏரிக்கரையில் கண்ணாடிச் சுவரோடு நிற்கிறது. 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஏறக்குறைய ஆயிரம் வலசைப் பறவைகள் அதில் மோதிச் செத்தன. அடுத்த ஆண்டே கண்ணாடியின் மேல் நெருக்கமான சிறு புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் சாவு 95 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானில் பாய்ச்சும் ஒளிக்கற்றையில் ஆயிரம் பறவைகளுக்கு மேல் சிக்கிச் சுற்றத் தொடங்கினால், 20 நிமிடம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அவை வழி தெளிந்து கிளம்பிவிடுகின்றன. சான் பிரான்சிஸ்கோ சிட்டு சொன்னதையே இவையும் சொல்கின்றன: நகரம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், பலன் தெரியத் தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் முடியும் என்று ஒதுக்கவும் முடியாது. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில் 2020இல் தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். ஊரே கூடிப் பேசி, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக முப்பதுக்கும் அதிகமான தெருவிளக்குகளைப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். அதே மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் சட்டம் போட்டு இவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

நகரத்தை இருட்டில் நடக்கச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பது மிகக் குறைவு. தெருவிளக்கின் வெளிச்சம் தரையில் மட்டும் விழுமாறு மூடி போடலாம். மரத்துக்குள் பாயும் விளக்கைத் திருப்பி வைக்கலாம். நள்ளிரவுக்கு மேல் ஒளியைக் குறைக்கலாம். கண் கூசும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி போடலாம். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியை 2022இல் பெற்ற இடம். அந்த வட்டாரத்தில் புதிதாக எழும் கட்டடங்களுக்கு அனுமதி தரும்போதே, பறவை மோதாத கண்ணாடி வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை, ஆள் இல்லாத மாடிகளின் விளக்கை இரவு பதினொரு மணிக்கு அணைக்கச் சொன்னால் மின்கட்டணமும் மிச்சம். புதுவீட்டுச் சுவரில், மழை படாத உயரத்தில், செங்கல் அளவுக்கு ஒரு பொந்து விட்டுவைக்கக் கொத்தனாருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. குப்பையைத் தரம்பிரித்து மூடிவைத்தால் காகமும் பருந்தும் தாமே அளவோடு நிற்கும். ஹாரனைப் பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வார்டின் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போய், உங்கள் தெருவில் மரத்துக்குள் எரியும் விளக்கு எது என்று கம்பத்தின் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் கேட்ட பறவைகளையும் எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிந்தால் போதும். காகமும் புறாவும் மட்டுமே கண்ணில் பட்டாலும் அதையே எழுதுங்கள். அதுவும் கணக்கில் சேர வேண்டிய தகவல்தான்.